கிளம்பாத மிஷினும் பதினோரு அடித் தண்ணீரும்

ஒரு காட்டில் ஒரு தாலுகா ஆபீஸ் இருந்தது. சிங்கம் இருந்ததா, யானை இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தன. அவையும் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தன.

கோடை உச்சத்தில் ஒரு திங்கட்கிழமை, பொன்னுத்தாயி என்கிற ஆமை அங்கே வந்து சேர்ந்தாள். அவள் குடியிருந்த ஆலடிக் குட்டை வற்றி, வெடித்துக் கிடந்தது. ஆபீஸுக்குப் பின்னாலிருந்த பெரிய ஏரிக்குக் குடிபோக வேண்டுமென்றால் தாசில்தார் கையெழுத்துப் போட்ட உத்தரவு வேண்டும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் மழை வரும்வரை யாரையும் உள்ளே விடமாட்டார்கள். காகிதம் கிடைக்காவிட்டால் பொன்னுத்தாயி ஓட்டோடு காய்ந்து கருவாடாகிவிடுவாள். பாவம், ஒன்பது நாள் நடந்து வந்திருந்தாள்.

அன்றைக்கென்று பார்த்து மிஷின் படுத்துவிட்டது.

அந்த மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காட்டிலுள்ள குளம் குட்டை, குடியிருக்கும் மிருகங்கள் விவரமெல்லாம் ஒரு பழைய புரோகிராமில் இருந்தது. அதை எழுதிய மரங்கொத்தி, வெளிநாட்டில் வேலை கிடைத்துப் பறந்துபோய்விட்டது. அந்தப் புரோகிராம் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடும். பழைய கம்ப்யூட்டரையோ கரையான் தின்றுவிட்டது. அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, நிஜத்தில் இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரை இருப்பதுபோல ஓடவிட்டிருந்தார்கள். பெரிய சம்படத்துக்குள் சின்னச் சம்படம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விர்ச்சுவல் மிஷின் என்று பெயர். ஆபீஸில் சுருக்கமாக வி.எம். என்பார்கள். வெள்ளிக்கிழமை ஒழுங்காக ஓடிய வி.எம்., திங்கட்கிழமை காலை கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கம்ப்யூட்டர் பிரிவுக்குத் துரைக்கண்ணு என்கிற குரங்கு பொறுப்பு. எனக்கு இந்தக் குரங்கைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். விரல் ஒரு நொடி சும்மா இருக்காது. வி.எம்.மைத் துவக்கும் பட்டனை அமுக்கினான். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது, அதில் ஏதோ எழுதியிருந்தது. துரைக்கண்ணு கண் இமைப்பதற்குள் 'ஓகே'யை அமுக்கி அதை விரட்டிவிட்டான்.

கவுன்ட்டருக்கு வெளியே நின்ற பொன்னுத்தாயி கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தாள். எதையும் மெதுவாகப் படிப்பவள். "டிஸ்கில்" என்ற வரைக்கும்தான் படிக்க முடிந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்று உள்ளிருந்து வந்தார் தாசில்தார். அவர் சபாபதி என்கிற கரடி.

"கிளம்ப மாட்டேங்குது சார்."

"கிளப்பு."

துரைக்கண்ணு புதுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். பட்டன், சிவப்புப் பெட்டி, ஓகே. பொன்னுத்தாயி "டிஸ்கில் இடம்" வரை வந்திருந்தாள். பிறகு வயரை எல்லாம் பிடுங்கி, ஊதி, திரும்பச் செருகினான். பட்டன், பெட்டி, ஓகே. "டிஸ்கில் இடம் இல்லை." அடுத்து கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினார்கள். அதற்கும் அசையவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

மூன்று மணிக்குப் பொன்னுத்தாயி முழுசும் படித்து முடித்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க," என்றாள். "டிஸ்கில் இடம் இல்லை, வேண்டாததை அழித்துவிட்டு மறுபடி துவக்கவும்னு அதுலயே போட்டிருக்கு."

எல்லோரும் திரும்பி அவளை முறைத்தார்கள். ஐந்து மணிநேரம் ஆபீஸே மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை ஓர் ஆமை சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்!

"இந்தாம்மா, நீ மனு கொடுக்க வந்தவளா, இல்ல மிஷின் பார்க்க வந்தவளா?" என்று சீறினார் சபாபதி. சீறிவிட்டு, துரைக்கண்ணுவின் காதில் மட்டும், "நிஜமாவா?" என்றார்.

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தான். "இருக்கலாம் சார். தினம் சாயங்காலம் ஸ்நாப்ஷாட் எடுக்கிறோம்ல? அதுங்க சேர்ந்து அடைச்சிருக்கும்."

ஸ்நாப்ஷாட் என்றால், வி.எம். அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே பிடித்து வைத்துக்கொள்வது. நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால், முந்தைய நாளுக்கே அதைத் திருப்பிவிடலாம். நல்ல ஏற்பாடுதான். வாரத்துக்கு ஒருமுறை பழசைக் கழித்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் தினமும் எடு என்று சுற்றறிக்கை அனுப்பிய புண்ணியவான், அழி என்று அனுப்பவில்லை.

"அப்ப பழசை அழி," என்றார் சபாபதி.

"பழசைத் தொட முடியாது சார். ஸ்நாப்ஷாட் பதிவேட்டில் ஏறின எதையும் அழிக்கணும்னா தலைமைக் காட்டிலிருந்து உத்தரவு வரணும். மூணு மாசம் ஆகும்."

"பதிவேட்டில் ஏறாதது ஏதாவது இருக்கா?"

துரைக்கண்ணு பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினான். கடைசியாக எழுதியது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். அதற்குப் பிறகு எழுதச் சோம்பல்பட்டு விட்டுவிட்டான். அவன் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"இந்த மூணு வருஷத்து ஸ்நாப்ஷாட் எதுவுமே பதிவேட்டில் இல்ல சார்! எல்லாத்தையும் தாராளமா அழிக்கலாம். அழிச்சிட்டு, வி.எம்.மைப் பதிவேட்டில் இருக்கிற கடைசி நாளுக்குத் திருப்பிடலாம். ஒருத்தனும் கேள்வி கேட்க முடியாது."

"ஐயோ சாமி, அப்படிச் செய்யாதீங்க! தபாலில் அனுப்பின என் மனு போன வாரம்தானே ஏறிச்சு?" என்று பொன்னுத்தாயி கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. ஆமை கத்தினால் எவ்வளவு சத்தம் வந்துவிடும்?

துரைக்கண்ணு அழித்தான், திருப்பினான், பட்டனை அமுக்கினான். வி.எம். ஜம்மென்று கிளம்பிவிட்டது. ஆபீஸ் முழுக்கக் கைதட்டல். சபாபதி துரைக்கண்ணுவைக் கட்டிப்பிடித்து, காட்டிலேயே உன்னைப்போல் மூளைக்காரன் கிடையாது என்றார்.

பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தன்னைப் புலி கடித்துவிட்டதாக ஒரு மான் புகார் கொடுக்க வந்திருந்தது. அந்தப் புலிக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை என்று திரையில் வந்தது. மானைத் திட்டி அனுப்பினார்கள். கட்டுப் போட்ட காலோடு அது நொண்டிக்கொண்டே போயிற்று.

நாலரைக்குப் பொன்னுத்தாயியின் முறை வந்தது.

"பொன்னுத்தாயி, ஆலடிக் குட்டை. நீர்மட்டம் பதினோரு அடி," என்று வாசித்தார் சபாபதி. கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "ஏம்மா, பதினோரு அடித் தண்ணிய வீட்ல வெச்சுக்கிட்டா இங்க வந்து அழற?"

"ஐயா, அது மூணு வருஷத்துக்கு முந்தி. இப்ப சேறுகூட இல்லைங்க."

"மிஷின் இன்னைக்கு ஐப்பசின்னு சொல்லுதே."

"கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கய்யா. எப்படிக் கொளுத்துது!"

சபாபதி பார்த்தார். நல்லவர்தான், அவருக்கும் வியர்த்துக் கொட்டியது. "எனக்கும் தெரியுதும்மா. ஆனா எனக்குத் தெரியறதை வெச்சு நான் உத்தரவு போட முடியாது," என்றார்.

"என் ஓட்டைத் தொட்டுப் பாருங்க. வெடிச்சிருக்கு." பொன்னுத்தாயி திரும்பி முதுகைக் காட்டினாள். ஒன்பது நாள் நடந்தபோதுகூட அவள் அழவில்லை. இப்போது அழுதுவிட்டாள்.

அப்போது துரைக்கண்ணு, நாசமாய்ப் போகிறவன், வாயைத் திறந்தான். "சார், ஒரு சந்தேகம். மிஷின் பதினோரு அடிங்குது. இந்தம்மா சேறுகூட இல்லைங்குது. அப்ப அந்தப் பதினோரு அடி எங்க போச்சு?"

சபாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் இப்போதுதான் உறைத்தது. "அதானே? எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒளிச்சு வெச்சேனா?"

"அரசாங்கத் தண்ணியைப் பதுக்கியிருக்கா. புடிங்கய்யா இவளை!"

வாசலில் நின்ற ஏட்டு செந்நாய் பொன்னுத்தாயியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஏரிக் கதவு சாத்தும் சத்தம் வழியிலேயே கேட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று பொன்னுத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

தொப்பென்று எதிலோ போட்டார்கள். ஜில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்தால், கழுத்து வரைக்கும் தண்ணீர்!

"என்ன ஏட்டய்யா இது?"

"சிறை விதி. நீர்வாழ் கைதியைத் தொட்டியிலதான் வைக்கணும். தினம் ரெண்டு வேளை தண்ணி மாத்தணும். ஒரு சொட்டு குறைஞ்சாலும் என் வேலை போயிடும்," என்று அலுத்துக்கொண்டது செந்நாய். இன்னொரு வாளியைக் கொண்டுவந்து ஊற்றியது.

பொன்னுத்தாயி முங்கினாள். எழுந்தாள். மறுபடி முங்கினாள். ஓட்டில் விட்டிருந்த வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கியபோது அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

"ஏட்டய்யா, எத்தனை நாள் உள்ளே வெச்சிருப்பீங்க?" என்று கேட்டாள். சீக்கிரம் வெளியே விட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"பதினோரு அடித் தண்ணிய எங்க ஒளிச்சேன்னு நீ சொல்ற வரைக்கும்."

பொன்னுத்தாயி கழுத்தை நன்றாக வெளியே நீட்டினாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள். "தலையே போனாலும் சொல்ல மாட்டேன்!"

மறுநாள் காலை ஆபீஸ் திறந்தபோது வாசலில் நீளமாக ஒரு வரிசை நின்றது. பக்கத்துக் குட்டைத் தவளைகள், நண்டுகள், நத்தைகள் எல்லாம் வந்திருந்தன. ஒருவர் கையிலும் மனு இல்லை. தண்ணீரைப் பதுக்கியதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வந்திருந்தார்கள்.

நீதி: தண்ணீர் வேண்டுமென்றால் மனு எழுதாதே, திருடியதாகப் பெயர் வாங்கு, அரசாங்கமே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றும்.