வேட்டி நின்றது, புடவை நிற்கவில்லை

வீராப்பாகப் பேசுவதோடு வாயின் வேலை முடிந்துவிடும். மிச்சத்தை உடம்புதான் அனுபவிக்க வேண்டும். இது எனக்குப் புரிந்தது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் வேட்டிப் பிரிவில்.

எங்கள் கடையில் பட்டுப்புடவை விற்பதெல்லாம் ஆண்கள். முருகேசன் அண்ணன் அந்த மீசையோடு முந்தானையைத் தோளில் போட்டு, கொசுவம் வைத்துக் காட்டுவார். ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். என்னைப் போன்ற பெண்களுக்கு நைட்டியும் கைக்குட்டையும் விற்கிற வேலைதான். (கைக்குட்டையை எங்கே கட்டிக் காட்டுவது?) பட்டு, வேட்டிப் பக்கம் போனால்தான் பதவி உயரும். மாடிக்குப் பொறுப்பான அண்ணாச்சியிடம் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அவரு புடவை கட்டிக் காட்டுறாரு. நான் வேட்டி கட்டிக் காட்டினா இன்னா தப்பு, அண்ணாச்சி?"

"ஒரு வாரம் பாப்போம். ஒரு கஸ்டமர் மூஞ்சியச் சுளிச்சாலும் நீ திரும்ப நைட்டிக்குத்தான், பிள்ள."

அந்த வாரத்திலேயே ஒரு கல்யாண மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். பேன்ட்டைத் தவிர வேறெதுவும் அறியாதவர்.

"இது இடுப்புல நிக்குமாங்க? மேடையில அவுந்துட்டா?" பாவம், வேட்டியைத் தள்ளி நின்றே பார்த்தார் மாப்பிள்ளை.

"நிக்குமாவா? பாருங்க சார்!"

சீருடைப் புடவைக்கு மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றி இறுக்கிச் செருகினேன். கல்லாவரை நடந்தேன். ஒரு குதிகூடக் குதித்தேன். (யாரும் கேட்கவில்லை, திமிர்தான்.) வேட்டி அசையவில்லை. நைட்டிப் பிரிவுப் பெண்கள் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி, அதைக் குடும்மா, ஜரிகையைப் பாப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அவிழ்க்கப் போனால் வரவில்லை. பலம்கொண்ட மட்டும் ஒரே இழு. வந்தது, கூடவே என் கொசுவமும் மொத்தமாக வந்தது. செருகும்போது இரண்டையும் சேர்த்துச் செருகித் தொலைத்திருக்கிறேன். பாவாடை தெரிய, கை நிறையத் துணியோடு நின்றேன். அண்ணாச்சி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நைட்டிப் பிரிவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

முருகேசன் அண்ணன் ஓடி வந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று கொசுவம் மடித்து என் கையில் திணித்தார். "செருகிக்கோம்மா." அவ்வளவு நேர்த்தியாக நான் ஒருநாளும் மடித்ததில்லை. (வயிற்றெரிச்சல்!)

மாப்பிள்ளை முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "அம்மா, புடவையே அவுந்துடுச்சு, வேட்டி அவுரல! இதுதான் வேணும்."

"அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்தே எடும்மா" என்றார் அந்த அம்மா.

அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடியே தீர்ப்புச் சொன்னார். "நீ வேட்டியிலயே இரு. ஆனா நாளையிலேருந்து சுடிதாரு. எல்லாப் பொம்பளப் பிள்ளைகளுக்கும்தான்."

பல வருஷமாகக் கேட்டும் கிடைக்காத சுடிதார் சீருடை அப்படித்தான் வந்தது. இப்போது வேட்டிப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. என்னோடு இன்னும் நாலு பெண்கள் இருக்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வீட்டில்தான் மரியாதை இல்லை. ஏதாவது கல்யாணம் என்றால் என் கணவர் வேட்டியை என்னிடம் நீட்டிவிட்டு, மகளுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்: "கட்டிவுட மட்டும் உங்கம்மா போதும். அவுக்கிறத நானே பாத்துக்கிறேன்."