மூன்றடுக்கு கேக்கும் புது ஸ்பிரிங்கும்

மாப்பிள்ளையின் தலையைக் காணவில்லை.

தார்ப்பாய் மூடிய மினி லாரிக்குள் தினகரன் செல்போன் வெளிச்சத்தில் மூலைமூலையாகத் தேடினான். மணப்பெண் கிடைத்துவிட்டாள், க்ரீமுக்குள் குப்புறக் கிடந்தாள். மூன்றடுக்கு கேக்கின் மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மீது சாய்ந்து படுத்திருந்தது. நடு அடுக்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

"சக்கரைல செஞ்ச பொம்மதான ஹேமா, தல வேற செஞ்சு ஒட்டிக்கலாம்."

"இனிமே எங்க ஒட்டுவீங்க? பாக்காம நேரா மேடைக்கே கொண்டுபோய் வெச்சுட்டீங்க. தலையில்லாத மாப்ளயப் பாத்து அவங்கம்மா மயக்கம் போட்டுட்டாங்க. கேக்கையும் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள் ஹேமாவதி.

ஊரப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு மாடியில் ஹேமாவதி கேக் செய்கிறாள். கொண்டுபோய்ச் சேர்ப்பது கணவன் வேலை. செய்வதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கம் ஆளில்லை. சேர்ப்பதில்தான் சிக்கல். குடும்ப நிலத்தை விற்ற கையோடு தினகரன் வாங்கிய வண்டி அது. அந்த நிலத்தில் எழுந்த அடுக்குமாடிக்கே பல வருஷம் செங்கல் சுமந்தது. இப்போது கேக்கையும் அது செங்கல் என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

"புது மாடல் வந்துருக்குதாம். முன்னால காயில் ஸ்பிரிங், பின்னால புது மாதிரி ஸ்பிரிங் பட்டை. பள்ளத்துல எறங்குனாக்கூடத் தெரியாதாம். மாத்திடலாங்க."

"ஸ்பிரிங் பட்டையில இன்னா புதுசு, பழசு? எல்லாம் இரும்புதான். ஓட்றவன் கையில கீது விசயம்" என்றான் தினகரன். சொல்லிவிட்டதால் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

முதலில் கேக்குக்கு அடியில் மெத்தை போட்டான். வண்டலூர் வேகத்தடையில் கேக் ஒரு குதி குதித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தது. கேக்கில் இருந்த பிறந்தநாள் வாழ்த்து முழுவதும் மேலே தார்ப்பாயில், தலைகீழாக அச்சாகியிருந்தது.

அடுத்து டயரில் காற்றைக் குறைத்தான். வண்டி தேர்போல இரண்டு பக்கமும் அசைந்துகொண்டே போனது. கேக் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது. "இதுதான் இப்ப ஃபேஷனா?" என்று கேட்ட வாடிக்கையாளர், ஆமாம் என்று சொல்லியும் நம்பவில்லை.

"பின்னால வெயிட் இருந்தா வண்டி குதிக்காது" என்று யாரோ சொல்ல, மணல் மூட்டை ஏற்றினான். வண்டி உண்மையாகவே குதிக்கவில்லை. ஒரு மூட்டைதான் வழியில் வாய் பிளந்தது. கேக்கின்மேல் தூவியிருந்ததை நாட்டுச் சர்க்கரை என்று நினைத்துக் கடித்த பெரியவருக்குப் பல்செட் போயிற்று.

அன்று மாலை ஹேமாவதி கத்தவில்லை. அதுதான் தினகரனுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"வெள்ளிக்கிழம பல்லாவரத்துல நிச்சயதார்த்தம். இதுவும் போச்சுன்னா அடுப்ப அணைச்சுட்டு நான் வேற வேலைக்குப் போயிடுவேன். ரெண்டு கேக் செய்யறேன், ஒரே மாதிரி. ஒண்ணு உங்க வண்டில வரட்டும். இன்னொண்ணு ஷோரூம்காரங்க ஓட்டிப் பாக்கத் தர்ற புது வண்டில வரட்டும். எது முழுசா வருதோ, அதுதான் நம்ம வண்டி."

"சரி. நான் தோத்தா அங்கியே சாவியக் குடுத்துடறேன்."

ஷோரூம் விற்பனையாளன் உமேஷ் உற்சாகமாக ஒத்துக்கொண்டான். புது வண்டிக்கு ஒரு டிரைவரையும், கேக்குக்குத் துணையாக ஷோரூமில் எடுபிடி வேலை பார்க்கும் அசரியா என்பவரையும் அனுப்பினான். உமேஷும் ஹேமாவதியும் மண்டபத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை தினகரன் முதலில் கிளம்பினான். பிரசவமான பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருவதுபோல ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டினான். வண்டலூரில் ஒரு தண்ணி லாரி அவனைத் திட்டிவிட்டு முந்தியது. பெருங்களத்தூரில் ஒரு சைக்கிள் திட்டாமலேயே முந்தியது. அதுதான் அவனுக்கு வலித்தது.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். பின்னால் புது வண்டி கண்ணிலேயே படவில்லை. 'வரட்டும், பொறுமையா ஆடிக்கினு வரட்டும்' என்று சிரித்துக்கொண்டான்.

பல்லாவரத்தில் வாரச் சந்தைக் கூட்டத்தையும் நீந்திக் கடந்தான். மண்டப வாசலில் ஒரே ஒரு சின்ன மேடு. ஏறி இறங்கியதும் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

திறந்து பார்த்தான். மேல் அடுக்கு தரையில் இருந்தது. மாப்பிள்ளைக்குத் தலை இருந்தது, இந்தமுறை மணப்பெண்ணுக்கு இல்லை.

பரவாயில்லை, அந்த வண்டி இன்னும் வரவே இல்லையே என்று உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

மேடையில் கேக் நின்றுகொண்டிருந்தது. மூன்று அடுக்கும் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன. பொண்ணு, மாப்பிள்ளை இருவருக்கும் தலை இருந்தது. உச்சியில் வைத்த செர்ரிப்பழம்கூட அசையவில்லை.

"எப்ப வந்துச்சு இது?"

"நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே" என்றாள் ஹேமாவதி. அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பின்னாடிதான கெளம்புச்சு? கண்ணாடியையே பாத்துகினு வந்தேன். என்னத் தாண்டவே இல்லியே."

உமேஷ் புன்னகைத்தான். "அதான் சார் நம்ம சஸ்பென்ஷன். பக்கத்துல போனாக்கூட சத்தமே வராது. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

தினகரன் வெளியே போய்த் தன் வண்டியின் கதவை ஒருமுறை தடவினான். ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். உள்ளே வந்து, புது வண்டிக்கான பாரத்தில் உமேஷ் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

அந்த நேரம் உமேஷின் போன் அடித்தது. கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"சார், பழைய வண்டி சாவி குடுங்க. எக்ஸ்சேஞ்ச் வேலைய இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

"இப்பவேவா? சாப்ட்டு போலாமே."

"இல்ல சார், ரொம்ப அர்ஜென்ட். வண்டில கயிறு இருக்கா?"

"சீட்டுக்குப் பின்னாடி கெடக்கும். கயிறு எதுக்கு?"

"வேல்யூவேஷனுக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே உமேஷ் ஓடினான். பழைய வண்டி கடகடவென்று புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. தினகரன் அது தேயும்வரை கேட்டுக்கொண்டு நின்றான்.

ஹேமாவதிதான் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்காரவைத்தாள். அடுத்த இலையில் அசரியா மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தினகரன் இலையைத் தொடாமல் அவர் பக்கம் திரும்பினான். "அண்ணா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்த எடத்துல என்னத் தாண்டுனீங்க?"

அசரியா ரசத்தை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். "எங்க சார் தாண்டறது? புது வண்டி உங்க தெருமுனைப் பள்ளத்துலயே ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சு குந்திக்கிச்சு, நான் கேக்க மடில வெச்சுகினு எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்துட்டேன். அத்தக் கட்டி இழுத்துகினு வரத்தான் இப்ப உங்க வண்டி போயிருக்குது."