சனிக்கிழமை மீனும் அரை மாத்திரையும்

பட்டம் வாங்கி வைத்தியம் பார்ப்பவர் டாக்டர். பரம்பரையாகப் பச்சிலை அரைப்பவர் நாட்டு வைத்தியர். இந்த இருவரையும் நோயாளிதான் தேடிப் போக வேண்டும். நோயாளியைத் தேடி வருகிற இனம் ஒன்று உண்டு. சுதந்திரம் வந்த பிறகு விதவிதமான சீமை மாத்திரைகள் வந்திறங்கினவே, அவற்றோடு கூடவே பெருகிய இனம் அது. மிச்ச மாத்திரைக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டுப் பாருங்கள், வந்துவிடுவார்.

தனுஷ்கோடியில் இந்த இனத்துக்குப் பிரதிநிதி சவேரியார். வள்ளங்களில் வரும் மீனை வாங்கி, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, மதுரைக்கு ரயிலேற்றுவது அவர் தொழில். வைத்தியம் தொழில் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம். அவர் கையில் எப்போதும் ஒரு கொழும்பு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று மாத்திரைகள் கலந்து கிடக்கும். எது எந்த நோய்க்கு என்று கேட்காதீர்கள். அவர் நிறத்தைப் பார்த்துக் கொடுப்பார்.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? கப்பலில் வந்தவரிடம் கேட்டு வாங்கியது, காய்ச்சல் விட்டவர் வீட்டில் எடுத்து வைத்திருந்தது, பிரசவ வீட்டில் தின்ன மறந்தது, துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாவம், நல்ல மனுசன். மருந்து ஏதும் மிச்சம் கெடக்கா?" என்று கேட்டு வாங்கியது. செத்தவருக்கே பலிக்காத மருந்து ஆயிற்றே என்று அந்த வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

அவருடைய வைத்திய சாஸ்திரம் முழுவதும் இரண்டே சொல்லில் அடங்கும்: "அரை போதும்." மஞ்சள் மாத்திரையின் கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் பொடியை வெற்றிலை மேல் கொட்டி, நகத்தால் இரண்டாகப் பிரிப்பார். பொற்கொல்லன் கூட அவ்வளவு கவனமாகத் தங்கத்தைத் தொடமாட்டான்.

"ஏலே சந்தியாகு, என்ன நொண்டுற?"

"கெளுத்தி முள்ளு ஏறிருச்சு மாமா. காலு வீங்கிப்போச்சு. டாக்டரு மஞ்ச மாத்திரை குடுத்திருக்காரு."

"அதுல அரை போதும். வீக்கம் வத்துனதும் நிப்பாட்டிரு."

"டாக்டரு நாளு தவறாம முழுசாத் திங்கச் சொன்னாரே?"

"அவரு சொல்லுவாருலே. அவரு வயிறா, ஒன் வயிறா? மிச்சத்த எங்கிட்டக் குடு. நாளைக்கு யாருக்காச்சும் ஆகும்."

இதையெல்லாம் மீன் பெட்டி கழுவியபடியே கேட்டுக்கொண்டிருப்பாள் அவர் மனைவி மிக்கேலம்மாள். ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற அவர் மனசு அவளுக்குப் பிடிக்கும். அதைச் செய்கிற கையை நினைத்தால்தான் பயம். ஆனால் வாய் திறப்பதில்லை. திறந்தால் உடனே, "என்ன, நாக்கு வெளுத்திருக்கே?" என்று டப்பாவைத் திறந்துவிடுவார்.

மனிதர்களோடு நின்றிருந்தால் அவரைச் சாதாரண மேதை என்று விட்டுவிடலாம். அவர் மீனுக்கும் வைத்தியம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. பூசைக்குப் போக வேண்டும். வலையையும் தொடக்கூடாது, மீன் பெட்டியையும் தூக்கக்கூடாது. அதனால் சனிக்கிழமை ரயிலுக்குப் பிந்தி வந்த மீன் திங்கட்கிழமை வரை கிடக்கும். ஆண்டவருடைய ஓய்வுநாளை மனிதன் மதிப்பான், ஐஸ் மதிக்குமா? அது உருகி ஓடும். மீன் நாறும்.

இந்த நேரம் பார்த்து, கொழும்புக் கப்பல் சமையல்காரன் ஒருவன், சீமையில் மீனுக்குப் போடும் ஐஸிலேயே மருந்து கலக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். எந்த மருந்து, எவ்வளவு, எந்த மீனுக்கு என்று நம்மவர் ஒரு கேள்வி கேட்டிருப்பாரா? கேட்பது மாணவனுக்கு அழகு, அவர் குரு. அடுத்த சனிக்கிழமையே மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பூசைத் தீர்த்தம்போல் சீலா மீன்கள் மேல் தெளித்தார். அதிலும் அரை மாத்திரைதான்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் நாற்றம் குறைவு. ஈயும் அவ்வளவாக இல்லை.

"பாத்தியா மிக்கேலு! கிருமி பூராம் செத்துப்போச்சு."

"நீங்க எண்ணிப் பாத்தீகளாக்கும்?" என்றாள் அவள்.

சனிக்கிழமை தவறாமல் இது நடந்தது. பெட்டிக்கு அடியில் தேங்கிய தண்ணீரை இறைப்பதும், விலை போகாத மீனை அறுப்பதும் அவள் பாடு. அப்படி ஒரு திங்கட்கிழமை, பெட்டி கழுவிய கையைப் பேருக்கு நனைத்துவிட்டுப் பழைய சோற்றைப் பிசைந்து தின்றாள். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள்தான். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அவளைத் துணியாய்த் துவைத்துப் போட்டன.

சவேரியார் மலர்ந்துபோனார் என்று சொன்னால் தப்பு. ஆனால் டப்பாவைத் திறந்த வேகத்தில் ஒரு உற்சாகம் இருந்தது. மஞ்சளில் அரை. சாயங்காலம் கொஞ்சம் தணிந்தது. "இம்புட்டுத்தேன் வைத்தியம்!" என்று மீதி அரையை மடித்து வைத்தார். இரண்டு நாளில் நோய் திரும்பி வந்தது, இந்தத் தடவை இரத்தமும் சேர்ந்து. மறுபடி அரை. அது அசையவில்லை. ஒன்று, இரண்டு, வெள்ளை, சிவப்பு. எதற்கும் அசையவில்லை. அவள் கண்கள் உள்ளே போய்விட்டன. தண்ணீர் கேட்கக்கூடக் குரல் எழும்பாமல், செத்துத்தான் போவோம் என்று அவள் முடிவு கட்டிய நேரத்தில்தான், சந்தியாகு அவளைத் தூக்கி ரயிலில் படுக்கவைத்தான். சவேரியார் டப்பாவோடு ஏறினார்.

ராமநாதபுரத்தில் டாக்டர் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்றினார். மருந்து? அதே மஞ்சள் மாத்திரைதான், முழுசாக, வேளை தவறாமல். பலிக்கவில்லை. டாக்டர் சவேரியாரைக் கூப்பிட்டார்.

"இதுக்கு முன்னாடி இந்த மருந்து கொடுத்தீங்களா?"

"கொஞ்சமாத்தேன் சார். அரை."

"வேற?"

"மீனுக்குப் போட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மீனுக்கா?"

சவேரியார் பெருமையாகவே முழுக்கதையையும் சொன்னார். கேட்டு முடித்த டாக்டருக்குக் கோபத்தில் காது சிவந்தது.

"கிருமியைக் கொல்லணும்னா முழுசாக் கொல்லணும். நீங்க வாரா வாரம் லேசா அடிச்சுப் பழக்கிவிட்டிருக்கீங்க. சாது எல்லாம் செத்திருக்கும், முரடு தங்கியிருக்கும். அதுக்கு இனிமே இந்த மருந்து மோர்த்தண்ணி மாதிரி. அந்தத் தண்ணியில கை வெச்சுத்தான் இந்தம்மா இப்படிக் கெடக்குறாங்க."

அன்றுதான் சவேரியார் முதல் தடவையாக வைத்தியம் பேசாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, மிக்கேலம்மாளின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதார். அந்த அழுகையில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அவள் அரை மயக்கத்தில் அதைப் பார்த்தாள், மனசு இளகியது.

வேறொரு மருந்தை டாக்டர் மதுரையிலிருந்து வரவழைத்தார். அதற்கு நோய் கேட்டது. அவள் எலும்பும் தோலுமாக எழுந்து உட்கார்ந்தாள். "தெம்பு வந்தாலும் சரி, புட்டி தீர்ற வரைக்கும் சாப்பிடணும்" என்று சொல்லி டாக்டர் அனுப்பினார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று எதிர்பார்க்கிறீர்களா? நீங்கள் இந்த இனத்தை அறியாதவர். ஊர் வந்து நாலு நாள் ஆகியிருக்கும். மிக்கேலம்மாள் கஞ்சி குடித்துவிட்டுப் புட்டியைத் திறந்தாள். சவேரியார் பக்கத்தில் வந்து குந்தினார். கண் புட்டி மேலேயே இருந்தது.

"இப்ப நல்லாத்தான இருக்க?"

"இருக்கேன்."

"மதுரையில இருந்து வந்த மருந்து. லேசுல கெடைக்காது. அதுல ஒரு நாலு எடுத்து வெச்சா நாளைக்கு யாருக்காச்சும்..."

அவள் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, நிதானமாக விழுங்கினாள்.

"நீங்க இம்புட்டு நாளா எடுத்து எடுத்து வெச்சீகளே, அந்த யாருக்காச்சும் நாந்தேன்" என்றாள். பிறகு புட்டியை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து, போன மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட அன்றைக்கே நீங்கள் பத்திரமாக மடித்து வைத்த அந்த மூன்று மாத்திரைகளை எடுத்துப் பாருங்கள். வீட்டில் யாருக்கு என்று நினைத்து வைத்திருக்கிறீர்கள்?