சைரன் மாமாவின் ஓல் கிளியர்

கண்டி நகரத்தின் மீது ஜப்பான்காரன் ஒரு குண்டுகூடப் போடாமல் போனதற்கு யாராவது ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால், அது எங்கள் ஒழுங்கையின், அந்தக் குறுகிய தெருவின், சைரன் மாமாவுக்குத்தான். அந்த இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பல வருடங்கள் கழித்துத்தான் அவர் பிறந்தார் என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டதில்லை.

"நான் அப்ப பொறக்கல, டீச்சர். ஆனா பொறந்ததுல இருந்து தயாராத்தானே இருக்கேன். அதுக்கப்புறம் ஒரு ஜப்பான்காரன் வந்தானா?"

வந்தார்கள். கமராவும் கையுமாக, பஸ் பஸ்ஸாகத் தலதா மாளிகைக்கு வந்தார்கள். அதை நான் சொல்லவில்லை. புசல்லாவையில் டீச்சராக இருந்த நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், எதைச் சொன்னால் யார் மனம் நோகும் என்று தெரியாமல் பாதி வார்த்தைகளை விழுங்கிக்கொண்டே இருந்தேன். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.

மாமா பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுவதும் விசில் ஊதி ஊதி, ஓய்வுக்குப் பிறகு விசிலே தேவைப்படாத நிலையை அடைந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் வாயருகே குவித்து அவர் எழுப்பும் சைரன் சத்தம், ஏறி இறங்கி ஏறி இறங்கி, குளக்கரையில் நிற்கும் கொக்குகளைக்கூடக் கிளப்பிவிடும் என்று சொல்வார்கள். எங்கள் ஒழுங்கை நாய்கள் அவர் இருமினாலே எழுந்து நின்றன.

எல்லாம் அவருடைய அப்பாவால் வந்தது. நாற்பத்திரண்டாம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு காலையில் அந்த அப்பா கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். விமானங்கள் தாழப் பறந்து வந்தன. நம்முடைய விமானங்கள் என்று நினைத்துத் தோளில் கிடந்த துவாயை எடுத்து ஆட்டினார்.

"அவனும் ரெக்கைய ஆட்டுனானாம், டீச்சர். அப்புறந்தான் குண்டு போட்டானாம். எங்கப்பா காதுல சைரன் சத்தம் விழுந்தது அதுக்கும் அப்புறம்."

அப்பா கிடைத்த ரயிலில் ஏறிக் கண்டிக்கு வந்தார். சாகும்வரை, கொழும்புப் பாதை மலையேறும் கடுகண்ணாவைக்குக் கீழே இறங்கவில்லை. மகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து ஒரே ஒரு வாக்கியம். மாமா அதைத் தேவாரம் மாதிரிச் சொல்வார்: "குண்டு சொல்லாம வரட்டும். சைரன் பிந்தி வரக்கூடாது."

அதனால் ஒவ்வொரு ஏப்ரலும் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை, எந்த நேரமென்று சொல்லாமல், எங்கள் ஒழுங்கையில் ட்ரில் நடக்கும். சைரன் கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் பக்கத்திலுள்ள பலமான பொருளுக்கு அடியில் புகுந்துவிட வேண்டும். தனியாகப் போகக்கூடாது, அருகில் யார் நின்றாலும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பல் உடையாமலிருக்க வாயில் பென்சில் எழுத்தை அழிக்கும் அழிறப்பர் ஒன்றைக் கடித்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே பிள்ளைகள் கழுத்தில் நூல் கட்டி அழிறப்பர் தொங்கவிட்டிருந்தார்கள். மிக முக்கியமானது கடைசி விதி. ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே நேராக ஒலிக்கும், ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லும் ஓல் கிளியர் சத்தம் கேட்கும்வரை வெளியே வரக்கூடாது.

"அம்மா கூப்பிட்டா?" என்று என் மகள் தாரு ஒருமுறை கேட்டாள்.

"அம்மா கூப்பிட்டாலும் வரக்கூடாது. எதிரி அம்மா குரல்லயும் கூப்பிடுவான்."

இந்த விதியைக் கேட்ட நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்று நினைத்தேன். பேசினால் வயதானவர் மனம் வருந்துமோ என்றும் நினைத்தேன். பேசாமல் விட்டேன்.

ஒரு வருடம் பக்கத்து வீட்டில் பெண்பார்க்க நாவலப்பிட்டியிலிருந்து வந்திருந்தார்கள். பலகாரத் தட்டு வெளியே வரும் நேரம் பார்த்து மாமா சைரன் கொடுத்துவிட்டார். ஒழுங்கைப் பிள்ளைகள் விதிப்படி உள்ளே பாய்ந்து, கதிரையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் காலைப் பிடித்து மேசைக்கடியில் இழுத்துவிட்டார்கள். பெண் அதே ஒழுங்கையில் வளர்ந்தவள். அவள் ஏற்கெனவே அங்கேதான் இருந்தாள். ஓல் கிளியர் வருவதற்குள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணத்தில் மாமாவுக்கு முதல் வரிசையில் இடம்.

மாமாவின் இன்னொரு பழக்கம் அருங்காட்சியகம் பார்ப்பது. இலங்கையில் பீரங்கி வைத்த இடமெல்லாம் அவர் போயிருந்தார். ஆனால் பீரங்கியைத் திரும்பியும் பார்க்கமாட்டார். சுற்றிக் காட்டுபவர் டாங்கியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே கேட்பார்: "சைரன் எங்க இருக்கு, தம்பி?" இல்லையென்றால் அந்த இடம் அவர் கணக்கில் பழைய இரும்புக் கடை.

"பீரங்கி சண்டை போடுறவனுக்கு, டீச்சர். சைரன்தான் நம்மள மாதிரி ஆளுகளுக்கு."

ஓர் ஏப்ரலில், கடுகண்ணாவைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய இராணுவ அருங்காட்சியகத்தில் கையால் சுற்றும் பழைய சைரன் ஒன்று இருப்பதாகத் தகவல் கிடைத்தது. மாமா ஒரு வேன் பிடித்தார். ஒழுங்கையே ஏறியது. தாருவுக்கு அப்போது ஆறு வயது. அவளை அனுப்பவும் பயம், அனுப்பாமல் அழவிடவும் பயம் என்பதால் நானும் போனேன். இராணுவம் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் கண்டாலே என் கை தானாக அடையாள அட்டையைத் தேடும். வாசலில் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

சைரன் ஒரு விறாந்தையில், இரும்புத் தாங்கியின் மேல், சிவப்புக் கயிற்றுக்குள் நின்றது. தொடக்கூடாது என்று மும்மொழியிலும் எழுதியிருந்தது. மாமா மூன்றையும் பொறுமையாக வாசித்தார். கோயிலுக்குள் நிற்பவர் மாதிரி செருப்பைக் கழற்றினார்.

கழிப்பறை எந்தப் பக்கம் என்று காவலில் நின்ற கோப்ரலிடம் கேட்க நான் ஒரு நிமிடம் நகர்ந்தேன். பின்னால் அந்தச் சத்தம் எழுந்தது. அது மாமாவின் வாய்ச் சத்தமில்லை. வயிற்றுக்குள் புகுந்து, முதுகெலும்பு வழியாக ஏறி, உச்சந்தலையில் போய் நின்று, மறுபடி இறங்கியது. மரத்திலிருந்த காகங்களெல்லாம் பறந்தன. கோப்ரல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கைப்பிடியைக் கழற்றி எடுத்து, மறுகையால் மாமாவையும் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். தாரு இல்லை.

முதலில் மெதுவாகக் கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். ஜீப்புக்குள் பார்த்தேன், டாங்கிக்குப் பின்னால் பார்த்தேன், கழிப்பறைக்குள் பார்த்தேன். வேலிக்கு அப்பால் மலைச்சரிவு இறங்கிப் போனது. வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். வேனில் வந்த எல்லோரும் சேர்ந்து "தாரு, தாரு" என்று கத்தினார்கள். கத்தக் கத்த அந்த இடம் இன்னும் அமைதியாவது போலிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கடைசி விதி ஞாபகம் வந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன்.

"மாமா, தாருவக் காணோம். எவ்வளவு கூப்பிட்டும் வர்றா இல்ல."

அவர் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். "காணாமப் போகல, டீச்சர். அவ ட்ரில்ல இருக்கா. நான் ஓல் கிளியர் குடுக்கல." கைகளைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார். ஒழுங்கையையே எழுப்பும் வாய், ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூடக் கேட்காமல் அடைத்துவிட்டது.

நான் கோப்ரலிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கொட்டினேன். ஈஸ்டர் ஞாயிறு, அப்பாவின் துவாய், அழிறப்பர், எதிரியின் குரல். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவர் என்னையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அம்மா கூப்பிட்டா வராது. இது சுத்தினா வரும்?" என்று தமிழில் கேட்டார்.

"வரும்."

அவர் கைப்பிடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க ஐயா. ஒருக்காத்தான்."

ஓல் கிளியர் சத்தம் ஏறி இறங்கக்கூடாது. ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். மாமா தொடங்கினார். சத்தம் எழுந்தது, நேராக நின்றது, அவருடைய கை தளரத் தளரச் சரியத் தொடங்கியது. இறங்கினால் அவள் அதை ஆபத்துச் சத்தம் என்று நினைத்துவிடுவாள். "விடக்கூடாது, விடக்கூடாது," என்று மாமா மூச்சுவாங்கினார். கோப்ரல் துப்பாக்கியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டி வந்து, மாமாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். சத்தம் மறுபடி நிமிர்ந்து, கோடு போட்ட மாதிரி மலைக்கு மலை போனது.

பீரங்கி மேடையின் கீழேயிருந்த சீமெந்துப் பதுங்குகுழி வாசலில் ஒரு தலை தெரிந்தது. தாரு. வாயில் அழிறப்பர். ஒரு கையால் அவள் இன்னொருவரை இழுத்துக்கொண்டிருந்தாள். பூப்போட்ட தொப்பியுடன், முழங்காலெல்லாம் மண்ணாக, சுற்றுலா வந்த பருத்த வெள்ளைக்காரப் பாட்டியொருவர் தவழ்ந்து வெளியே வந்தார். அவர் வாயிலும் பாதி அழிறப்பர்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. அடிக்க ஓங்கிய கைதான் அவளை அணைத்தது.

"எத்தன தடவ கூப்பிட்டேன்டி?"

அவள் அழிறப்பரை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "கேட்டுச்சு. எதிரின்னு நெனச்சேன். நீங்க ஏன்மா உள்ள வரல? இந்நேரம் செத்துப்போயிருப்பீங்க."

வேன்காரர்கள் கைதட்டினார்கள். கோப்ரலும் தட்டினார். வெள்ளைக்காரப் பாட்டி எல்லோரையும்விட அதிகமாகத் தட்டிவிட்டு, அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

திரும்பும் வழியில், பேராதனை தாண்டிய பிறகு, என் மடியில் தூங்கிய தாருவைப் பார்த்துக்கொண்டு மாமா மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா காலத்துல பிந்திருச்சு, டீச்சர். இன்னைக்குப் பிந்தல."

போன வருடம் மாமாவின் மகன் வந்து அவரைக் கொழும்புக்குத் தன்னோடு அழைத்துப்போனார். கடைசியில் அந்தக் குடும்பம் குடியிருக்கவும் கடுகண்ணாவைக்குக் கீழே இறங்கிவிட்டது. உயர்ந்த மாடிக் குடியிருப்பு. சத்தம் போடக்கூடாது என்று சட்டமாம். எனக்குக் கவலையாக இருந்தது. அடுத்த மாதமே தொலைபேசியில் செய்தி வந்தது. மாடிகள் அத்தனைக்கும் தீப்பாதுகாப்பு ட்ரில்லுக்கு அவரையே பொறுப்பாக்கிவிட்டார்களாம். "எல்லாரும் லிஃப்ட்டுக்கு ஓடுறாங்க, டீச்சர். ஒழுங்கு இல்ல. திருத்திருவேன்."

தாரு இப்போது தனியாகப் பாடசாலை பஸ்ஸில் போகிறாள். ஒழுங்கை முனையில் ஏறி உட்கார்ந்ததும், ஜன்னல் வழியாகக் கைகளைக் குவித்து ஒரு சத்தம் கொடுப்பாள். ஏறாது, இறங்காது, ஒரே நேராக. நாய்கள் எழுந்து நிற்கும். அதைக் கேட்ட பிறகுதான் நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன். கொழும்பில் மாமாவுக்கு யார் ஓல் கிளியர் கொடுக்கிறார்களோ தெரியவில்லை.