சரித்திரத்தைக் கழுவியவள்

மனித குலம் கண்ட நாகரிகங்களின் உச்சம் எதுவென்று கேட்டால், சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெஜென் நகரத்தின் 'தொன்மைச் சான்றுக் குழு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். குழு தோன்றிய நாள்முதல் எந்தப் பீங்கானையும் அது 'போலி' என்று சொன்னதில்லை. சொன்னால் வாங்கியவர் மனம் நோகும், விற்றவர் மனம் நோகும், செய்தவர் பக்கத்துத் தெருவிலேயே குடியிருப்பதால் அவர் மனமும் நோகும். ஆகவே குழுத்தலைவர் பேராசிரியர் ஓயாங் பொருளைக் கவிழ்த்துப் பார்ப்பார், பூதக்கண்ணாடியை மடிப்பார், அடக்கத்தோடு "எனக்குப் புரியலை" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. அதைக் கேட்டுத் தலை சுற்றுகிறவர்களுக்காக வாசலில் ஒரு பெஞ்சும் போட்டிருந்தார்கள்.

லியன் அக்கா அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது ஒரு கோணல் கிண்ணத்தால்.

அவள் பிறந்து வளர்ந்து, வாழ்க்கைப்பட்டு, இன்றும் அடுப்பு மூட்டுவது மூன்று புகைபோக்கிச் சந்தில். அதை இடித்துவிட்டு அங்கே ஒரு 'பழங்காலத் தெரு' கட்ட நகராட்சி முடிவு செய்திருந்தது. சந்து நிஜமாகவே பழையது என்று குழு சான்று கொடுத்தால் மட்டுமே இடிப்பு நிற்கும். சான்றுக்கு ஆதாரம் அக்காவின் சமையற்கட்டில் இருந்தது. பின்பக்கம் சாக்கடை தோண்டியபோது, சூளைச் சாம்பலுக்கு நடுவே அவள் கையாலேயே எடுத்த நீலப்பூக் கிண்ணம். வேகும்போதே ஒரு பக்கம் சாய்ந்து, அடியில் சூளை மணல் ஒட்டிக்கொண்டு, அங்கேயே தூக்கி எறியப்பட்டது. கோணல் கிண்ணத்தை யாரும் வேறு ஊரிலிருந்து சுமந்துவந்து போட மாட்டார்கள். அப்படியென்றால் சூளை அங்கேதான் இருந்திருக்கிறது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய காங்ஷி மன்னர் காலத்துச் சூளை என்று சந்தே சொல்லும். அக்கா அதில் மிளகாய் ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள்.

ஓயாங் கிண்ணத்தைக் கவிழ்த்தார். தடவினார். பிறகு முகர்ந்தார்.

"என்னம்மா இது, எலுமிச்சம்பழ வாசனை வருது?"

"பாத்திரம் கழுவுற சோப்பு ஐயா."

"கழுவினீங்களா?"

"தினமும் கழுவுவேன் ஐயா. ஊறுகாய் வைக்கிற கிண்ணமாச்சே."

குழு உறுப்பினர் நால்வரும் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

"சரித்திரத்தையே கழுவிட்டீங்களேம்மா!" என்றார் ஓயாங். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "முந்நூறு வருஷம்னு சொல்றீங்க. அழுக்கு எங்கே? கறை எங்கே? ஒரு பழம்பொருள்னா அதுக்குன்னு ஒரு அடக்கம் வேண்டாமா? இது பளபளன்னு நம்மளைப் பார்த்துச் சிரிக்குது."

"அந்த அடி மணலைப் பாருங்க ஐயா…"

"எனக்குப் புரியலை."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அழுக்குதான் வேண்டுமென்றால் அழுக்கு விற்கிற இடம் அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது தெருவில் கெங் மாஸ்டரின் பட்டறை. இன்று சூளையில் வெந்த ஜாடிக்கு நாளை மாலைக்குள் வயதேற்றித் தருவது அவர் தொழில். கிண்ணத்தை வாங்கித் திருப்பியவர் அசந்துபோனார்.

"யார் வேலை அக்கா இது? அந்தக் கோணலைப் பாரேன், என்ன இயல்பா கொண்டு வந்திருக்கான்! கில்லாடி."

"இது நிஜம் மாஸ்டர். என் வீட்டு மண்ணுல கிடைச்சது."

"அப்படித்தான் சொல்லணும். என்கிட்டயும் அப்படியே சொல்றே பாரு, உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. சரி, எத்தனை வருஷம் போடட்டும்?"

"முந்நூறு."

"முந்நூறெல்லாம் இப்ப எடுபடாதுக்கா. எழுநூறாப் போட்டுக்கோ. எனக்கு அதே சேறு, அதே டீத்தண்ணிதான்."

அமிலத்தில் நனைத்து, டீயில் ஊறவைத்து, சேறு பூசிப் புகை காட்டி அவர் திருப்பிக் கொடுத்தபோது, வீட்டில் பிறந்த பிள்ளையை வேஷம் கட்டிப் பார்த்ததுபோல இருந்தது அக்காவுக்கு.

மறுவாரம் ஓயாங் அதைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"யுவான் காலம்! எழுநூறு வருஷம்! மண்ணு பேசுது பாருங்க!" உறுப்பினர்களும் எழுந்து மண் பேசுவதைக் கேட்டார்கள். "அம்மா, போன வாரம் ஒண்ணு கொண்டு வந்தீங்களே, இதே சாயல்ல. அதையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்தா உங்களுக்கே வித்தியாசம் புரிஞ்சிருக்கும்."

"புரியுது ஐயா," என்றாள் அக்கா. பின்னே என்ன சொல்வாள்? சந்து பிழைத்தால் போதும்.

சந்தில் அன்று வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. புத்தாண்டுக்குச் செய்வதுபோல வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்தார்கள், வாசல் கழுவினார்கள், கதவுக்குச் சிவப்பு வர்ணம் பூசினார்கள். சான்றில் கையெழுத்துப் போடுமுன் சந்தைப் பார்க்கக் குழு வருகிறதே, வீடு குப்பையாக இருந்தால் மரியாதையா?

குழு வந்தது. கிண்ணம் எழுநூறு ஆண்டு என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அது கிடைத்த சந்தும் அந்த வயதுக்குத் தக்கபடி இருக்கிறதா என்று பார்ப்பதே குழுவின் கடமை. ஓயாங் ஒரு சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் நுனி வெள்ளையாக வந்தது. ஈரச் சுண்ணாம்பு.

"எனக்குப் புரியலை," என்றார் வருத்தத்தோடு.

புல்டோசர் வந்தது. அக்கா தன் அடுப்படிச் சுவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்துக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அங்கே மண்ணும் இல்லை, தோண்டவும் முடியாது.

ஒரு வருடத்தில் 'எழுநூறு ஆண்டு மூன்று புகைபோக்கித் தெரு' எழுந்து நின்றது. செங்கல்லுக்கெல்லாம் வயதேற்றும் பொறுப்பு கெங் மாஸ்டரிடம். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோணல் கிண்ணம், சேறு கலையாமல். திறப்பு விழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. கிண்ணம் தந்த கொடையாளி என்று லியன் அக்காவை மேடையேற்றி, ஓயாங் தானே ஒலிபெருக்கியை நீட்டினார்.

"சொல்லுங்கம்மா. உங்க சந்து எப்படி இருக்கு?"

அக்கா இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவினாள். மேடையை விட்டு இறங்கிப் பக்கத்துச் சுவரடியில் குனிந்தாள். கிண்ணத்தின் அடியைப் பார்ப்பதுபோலச் சுவரின் அடியைப் பார்த்தாள். கைக்குட்டையை எச்சில் தொட்டு ஒரு செங்கல்லைத் துடைத்தாள். கைக்குட்டை பழுப்பானது. முகர்ந்து பார்த்தாள். கூட்டத்தில் கெங் மாஸ்டர் மெதுவாக ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

அக்கா மேடைக்குத் திரும்பிவந்து ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

"தெரு அழகா இருக்கு. விளக்கெல்லாம் நல்லா இருக்கு," என்றாள். கூட்டம் கைதட்டியது. "ஆனா எனக்குப் புரியலை."

கைதட்டல் பாதியில் நின்றது. ஓயாங்கின் முகம் வெளுத்தது. ஒலிபெருக்கியை வாங்கக் கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. அவரை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். கூடவே, பின்வரிசையில் விறைத்து உட்கார்ந்திருந்த உறுப்பினர் நால்வரையும் பார்த்தாள்.

"உங்களையும்தான் ஐயா."

அந்த ஊரில் அதுவரை வழங்கப்பட்ட சான்றுகளிலேயே பிழையில்லாதது அது ஒன்றுதான். குழுவின் நாகரிகம் கருதி, விழாக் குறிப்பில் அது சேர்க்கப்படவில்லை.