சங்கு கொடுத்த கட்டில்

மணியே இல்லாமல், தொண்டையை மட்டும் வைத்து லிஃப்ட் ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் சங்கு ஒருவர்தான். தொண்ணூறுகளில், பெங்களூர் தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கட்டடம். ஒவ்வொரு மாடி வரும்போதும் 'க்ர்ர்ர்ஹூம்' என்று ஒரு செருமல். அது கேட்ட பிறகுதான் மேல்மாடிக்காரர்கள் பையையே கையில் எடுப்பார்கள். அதற்கு முன்பு கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர். அங்கே ஷிஃப்டுக்கு ஊதும் சங்குதான் இங்கே அவருக்குப் பெயராயிற்று.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, அந்தக் கட்டடத்து டீக்கடைக்கு வந்து சேர்ந்தவன். சங்கு தன் அறையில் இடம் கொடுத்தார். நாடாக் கட்டில் அவருக்கு, சிமெண்டுத் தரை எனக்கு.

மூக்குக்குப் பின்னாலிருந்து ஏதோ தொண்டைக்குள் வழிந்துகொண்டே இருக்கிறது என்பார். வாயில் நாற்றம், ஒரு காதில் அடைப்பு. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. "சுரங்கத்துத் தூசிடா. இப்பதான் மேல ஏறி வருது" என்று தானே முடிவுகட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கன்னடக்கார டாக்டரம்மா விளக்கு வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். ஸ்கேனும் எடுத்தார்கள்.

"மூக்கு முடிஞ்சு தொண்டை ஆரம்பிக்கிற இடத்துல ஒரு கட்டி இருக்கு. நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. திறந்து விட்டுட்டு, ஒரு துண்டு டெஸ்டுக்கு அனுப்பலாம். பயப்படாதீங்க ரீ."

சங்கு 'கட்டி' வரைக்கும்தான் கேட்டார்.

அன்றைக்கே சொத்தைப் பிரித்தார். ரேடியோ வாட்ச்மேனுக்கு, பம்ப் ஸ்டவ் என் டீக்கடை முதலாளிக்கு, கட்டில் எனக்கு. கொடுத்ததோடு விட்டாரா? எல்லோரும் அவர் கண்ணெதிரிலேயே ஒழுங்காக உபயோகித்துக் காட்ட வேண்டும்.

"இன்னாடா ஓரமா படுக்கற? நடுவுல படு. அந்தக் கால் ஆடும்."

"நீங்க மேல படுங்கண்ணே."

"குடுத்தது குடுத்ததுதான். க்ர்ர்ர்ஹூம். பொரளாத, நாடா கிழிஞ்சிடும்."

மயக்கம் கொடுத்து, கட்டியைத் திறந்து, உள்ளே தேங்கியிருந்ததை வழித்து எடுத்தார்கள். செருமல் நின்றுபோயிற்று. சத்தமில்லாமல் வந்து திறந்த லிஃப்டைப் பார்த்து டைப்பிஸ்ட் அம்மா அலறினார். சங்கு சிரிக்கவில்லை. டெஸ்ட் ரிசல்ட் வரவேண்டும். அவர் தரையில் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடப்பார். கட்டிலில் எனக்கும் தூக்கம் இல்லை.

ரிசல்டைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார். "கேன்சர் இல்ல. சாதா நீர்க்கட்டிதான். தூசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப நான் சாகலியா?"

"இதுனால இல்ல. ஏனூ இல்ல ரீ, ஒண்ணுமில்ல, போங்க."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சங்கு ஆட்டோ பிடித்தார். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிவதற்குள் வாட்ச்மேனிடமிருந்து ரேடியோவைப் பிடுங்கினார். டீக்கடையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "பாலை எறக்குய்யா!" என்று ஸ்டவ்வைத் தூக்கினார். அறைக்கு வந்ததும் என் போர்வையைச் சுருட்டித் தரையில் எறிந்தார்.

"படுத்தே நாடாவைத் தொய்ய வச்சிட்டியேடா, பாவி!"

பஸ் ஸ்டாண்டிலும் குடோனிலும் லாரி மேலும் படுத்தவன் நான். அன்றைக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் தூங்கிய மாதிரி எங்கேயும் தூங்கியதில்லை.