பாப்ளர் மரத்தில் வெள்ளைக் கொடி

"எப்படி எழுந்தீங்க டீச்சர்?" என்று அந்த ஊர் முறைப்படி காலை வணக்கம் சொன்னார் மொகெதி.

"நல்லா எழுந்தேன் ஐயா. நீங்க எப்படி எழுந்தீங்க?"

"நானும் நல்லா எழுந்தேன். ஊத்துங்க."

கெனூவே பல் துலக்கிக்கொண்டே கதவைத் திறந்திருந்தாள். எதிரே, பழுப்புப் போர்வையை மார்பில் ஊசி குத்திப் போர்த்தியபடி பக்கத்து மேட்டு வீட்டுக்காரர். கையில் காலித் தகரக் குவளை.

"என்ன ஊத்தணும்?"

"இருக்கிறதை ஊத்துங்க. நான் குறை சொல்ற ஆள் இல்லை."

"என்கிட்ட ஒண்ணும் இல்லையே ஐயா."

மொகெதி குவளையால் வானத்தைக் காட்டினார்.

கெனூவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். நேற்று மாலை வரை வாசலில் மஞ்சள் தீப்பந்தம்போல நின்ற நெட்டைப் பாப்ளர் மரம், இரவுக் காற்றில் மொத்த இலையையும் கொட்டிவிட்டு எலும்பாக நின்றது. இலையெல்லாம் கூரைத் தகரத்திலும் கோழிக்கூண்டிலும் கிடந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இத்தனை நாள் இலை மறைத்து வைத்திருந்த ஒரு வெள்ளைத் துணி படபடத்தது.

அந்த மலைப்பக்கத்தில் வெள்ளைத் துணி பறந்தால் சோளப் பியர் தயார் என்று அர்த்தம். சிவப்பு பறந்தால் இறைச்சி. பச்சை என்றால் கீரை. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அது என்னுது இல்லைங்க! காத்துல எங்கிருந்தோ வந்து மாட்டியிருக்கு."

"சரி, சரி" என்று மொகெதி குரலைத் தாழ்த்தினார். "இன்னும் புளிக்கலைன்னா சொல்லுங்க. சாயந்தரம் வரேன்."

பிரச்சினை பியர் அல்ல. பிரச்சினை சனிக்கிழமை. திருச்சபைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக ஜனவரியில் சேர்ந்தவள் கெனூவே. அவளை நிரந்தரமாக்குவதா, தலைநகர் மசேருவுக்கே திருப்பி அனுப்புவதா என்று சனிக்கிழமை முடிவு செய்வார்கள். முடிவு பள்ளிக் குழுவுடையது. குழு என்றால் போதகரின் மனைவி மாசெச்சாபா. வேலை போனால் இந்த வீடும் போகும். வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்றே அந்த அம்மாள் சொல்லியிருந்தார்: "இது சபை வீடு. இங்க ஒரு சொட்டுக் குடி கூடாது."

கெனூவேக்கு இந்த வீடு பிடித்திருந்தது. மனிதர்களிடம் பேசத்தான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் திரையை விரல் அகலம் விலக்கிப் பார்ப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. மார்ச்சில் இலையுதிர்காலம் வந்ததிலிருந்து பார்க்க எவ்வளவோ இருந்தது. எதிர்ச் சரிவில் சோளக் கதிர் மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டே வந்தது. கூரைதோறும் பீச் பழத் துண்டுகள் வெயிலில் சுருங்கின. பெட்டிக்குள் இருந்த போர்வைகள் ஒவ்வொன்றாகத் தோளேறித் தெருவுக்கு வந்தன. பள்ளிக்கூடத்துப் பாப்ளர் இன்னும் பச்சையாக இருக்க, இந்த வீட்டுப் பாப்ளர் மட்டும் ஏன் முந்திக்கொண்டது என்று அவள் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது யோசிக்க வேறு விஷயம் வந்துவிட்டது.

பள்ளி விட்டு வந்ததும் கயிற்று நுனியில் ஒரு கல்லைக் கட்டி மரத்தை நோக்கி வீசினாள். நாலைந்து முறை கல் அவளிடமே திரும்பி வந்தது. அடுத்த முறை மேலே போய், துணிக்குப் பக்கத்துக் கிளையைச் சுற்றிக்கொண்டது. இழுத்தாள். கிளை வளைந்தது, துணி வரவில்லை. பலம்கொண்ட மட்டும் மறுபடி மறுபடி இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணி இடமும் வலமும் வீசி ஆடியது.

சற்று நேரத்தில் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு ஆட்டு மேய்ப்பர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"என்னக்கா, கொடியை ஆட்டி ஆட்டிக் கூப்பிடறீங்க! சரக்கு அவ்வளவு நல்லா வந்திருக்கா?"

"கூப்பிடலைங்க! கழட்டறேன்!"

"அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று இருவரும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆடுகளும் உட்கார்ந்தன.

மறுநாள் கெனூவே முறையாக யோசித்தாள். ஒரு நிறம் தவறான சேதி சொல்கிறது. அதன் பக்கத்தில் எந்தச் சேதியும் இல்லாத நிறம் ஒன்றைப் பறக்கவிட்டால் குழப்பத்தில் ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு கம்பு நட்டு, தன் நீலப் பாவாடையை அதில் கட்டினாள்.

அன்று சாயந்தரம் பெண்களும் வந்தார்கள்.

"நீலம்னா என்ன?" என்றாள் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒருத்தி.

"மீனா இருக்கும்."

"இந்த மலையில ஏதுடி மீனு? சோப்பா இருக்கும்."

"படிச்ச பொண்ணு வீடு. மருந்துதான். என் முட்டிவலிக்குக் கேக்கணும்."

"ஒண்ணும் இல்லைங்க, அது என் பாவாடை" என்றாள் கெனூவே. காது நுனி வரை சூடாகியது.

"பாவாடை விக்கறாங்களாம்" என்று பின்னால் நின்றவளுக்குச் செய்தி போனது.

அடுத்த நாள் சாக்கட்டியை எடுத்துக் கதவில் பெரிதாக எழுதினாள்: இங்கே பியர் இல்லை.

மொகெதி அதன் முன் வெகுநேரம் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு குவளையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், எங்க வீட்டுல பியர் இல்லை. என் கதவுல அப்படி எழுதியிருக்கா? ஊர்ல எந்தக் கதவுலயாவது எழுதியிருக்கா? இருக்கிறவங்கதான் இல்லைன்னு எழுதுவாங்க."

கூட்டம் "அதானே" என்றது.

வேறு வழி தெரியாமல் கெனூவே டீ போட்டாள். சூடாக ஒரு வாய் குடித்தால் போய்விடுவார்கள் என்பது அவள் கணக்கு. எல்லோரிடமும் குவளை தயாராக இருந்ததால் டீ சீக்கிரம் இறங்கியது. யாரும் போகவில்லை. ஒருத்தி, கெனூவே தன் கூரையில் காயப் போட்டிருந்த பீச் துண்டுகளை எட்டிப் பார்த்து, "இவ்வளவு தடியா வெட்டினா உள்ளே அழுகிடும், கத்தியைக் குடு" என்று மொத்தத்தையும் கீழே இறக்கினாள். மேய்ப்பர்கள் சாண வறட்டியை அடுப்பில் எப்படி அடுக்கினால் புகை வராது என்று காட்டினார்கள்.

மொகெதி மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, இந்த இலை ஏன் விழுது டீச்சர்? எழுபது வருஷமா பார்க்கிறேன். யாரையும் கேட்டதில்லை."

கெனூவே தயங்கினாள். அதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. "குளிர் வரப்போகுதுன்னு மரத்துக்குத் தெரியும் ஐயா. இலையில இருக்கிற சத்தை முடிஞ்ச வரைக்கும் திருப்பி உள்ளே இழுத்துக்கும். அப்புறம் காம்புகிட்ட கதவைச் சாத்திடும். இலை காஞ்சு விழுந்துடும்."

"கதவைச் சாத்திக்கிட்டா காஞ்சு விழுந்துடுமா!" என்றார் மொகெதி. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப பள்ளிக்கூடத்து மரம் ஏன் இன்னும் பச்சையா இருக்கு?" என்றான் மேய்ப்பர்களில் ஒருவன்.

"அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்!" என்று கெனூவே கெட்டிலைக் கீழே வைத்தாள். அதன்பின் இருட்டும் வரை அவள் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மாபுலானே வந்தாள். ஊரில் உண்மையாகவே பியர் காய்ச்சி விற்பவள். அகலமான உடம்பு, இடுப்பில் இரண்டு கை.

"எனக்குப் போட்டியா கடை போட்டியாமே டீச்சர்? என் பெஞ்சு காலியா கிடக்கு!"

"ஐயோ அக்கா, நாளைக்கு முடிவு சொல்லப் போதகர் வீட்டம்மா வராங்க. இந்தக் கொடியைப் பார்த்தா என் வேலை போயிடும். இவங்களை எல்லாம் நீங்களாவது கூட்டிக்கிட்டுப் போங்களேன்."

"முதல்ல சரக்கைக் காட்டு." மாபுலானே டீயை வாங்கி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள். "மோசமில்லை. நாளைக்கும் வரேன்."

சனிக்கிழமை மதியம் மாசெச்சாபா மேடேறி வந்தபோது வெள்ளைக் கொடி பறந்துகொண்டிருந்தது. கயிறு தொங்கியது. நீலப் பாவாடை கம்பத்தில் உப்பியிருந்தது. கதவில் பியர் இல்லை என்று எழுதியிருந்தது. வாசல் நிறையக் குவளையும் கையுமாக மனிதர்கள்.

கெனூவே ஓடிப்போய் எதிரில் நின்றாள். "அம்மா, இது பியர் இல்லைம்மா. சத்தியமா டீதான். கொடி என்னுது இல்லை. பாவாடை மட்டும்தான் என்னுது."

மாசெச்சாபா மரத்தைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். மொகெதியின் குவளையை வாங்கி முகர்ந்தார்.

பிறகு அவர் கைப்பையைத் திறந்து, அதற்குள்ளிருந்து பூப்போட்ட எனாமல் குவளை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"எனக்குச் சர்க்கரை ரெண்டு ஸ்பூன். இலை ஏன் விழுதுன்னு நல்லா சொல்றியாமே? எனக்கும் சொல்லு."

கெனூவே சொன்னாள். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. மாசெச்சாபா கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தார்.

"டீச்சர் எப்படின்னு வீடு வீடா விசாரிச்சேன். போன மாசம் கேட்டப்போ, யாரு அதுன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. இந்த வாரம் ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. வேலை நிரந்தரம். பீச்சை இன்னும் மெல்லிசா வெட்டு."

அவர் மேடிறங்கி மறையும் வரை கெனூவே அசையவில்லை. பிறகு குவளை பொறுக்கிக்கொண்டிருந்த மாபுலானேயிடம் போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். பியர் இல்லை, இல்லைன்னு தொண்டை வறள சொன்னேன். கதவுலயும் எழுதினேன். இவங்க ஏன் நம்பவே இல்லை?"

மாபுலானே அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள்.

"நம்பாம என்ன டீச்சர், அது என் கொடிதான், நீ வர்றதுக்கு முந்தின குளிர்காலக் காத்துல பிச்சுக்கிட்டுப் போய் அங்க மாட்டினதை ஊரே நின்னு பார்த்துச்சு, வந்த நாளா திரைக்குப் பின்னாடி நின்னு எங்களைப் பார்க்கிற பொண்ணோட கதவைத் தட்ட, எங்களுக்கும் ஒரு சாக்கு வேண்டாமா?"